மட்டக்களப்பின் மரபுரிமைத் திட்டத்தில் மரபைக் காப்பவர்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டச் செயலகம் திராய்மடுவில் கட்டப்பட்ட புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்ததன் பின்னர், அது முன்னர் இயங்கிவந்த, புளியந்தீவில் வாவிக்கரையோரம் நிற்கும் பழைய கோட்டையை இனி எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி நகரில் பலராலும் பேசப்பட்டு வருகிறது. அருங்காட்சியகம் அமைக்கலாம் என்கிறார்கள் சிலர். உல்லாசப் பயணிகளை ஈர்க்கும் இடமாக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே நல்ல எண்ணங்கள்தாம். ஆயினும் நான் கேட்ட பேச்சுகளில் சுவரும் கூரையும் மின்விளக்கும் வாகனத் தரிப்பிடமும் வந்தனவேயன்றி, இந்த மண்ணின் மரபைத் தம் குரலிலும் காலடியிலும் கைத்தொழிலிலும் வைத்திருக்கின்ற மனிதர்கள் வரவேயில்லை. திட்டம் எழுத்தில் ஏறி, நிதி ஒதுக்கப்பட்டு, ஒப்பந்தமும் கைச்சாத்தான பின்னர் இதைச் சொல்வதால் பயன் விளையாது என்பதால், இப்போதே தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கோட்டையின் வரலாறு வாசகர்கள் அறிந்ததே. 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய அதனை, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் 1638 மே மாதத்தில் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆனால் எம் தலைமுறைக்கு அது பீரங்கிக் கோட்டையாக அல்லாது, கச்சேரியாகவே, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகமாகவே பழக்கம். காணி உறுதியோடும் ஓய்வூதியக் கடிதத்தோடும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து தோணியிலும் பேருந்திலும் வந்த சனம் அதன் வாசலைத் தாண்டித்தான் தம் அலுவலைப் பார்த்தது. பல தலைமுறை மக்களின் கவலையும் காத்திருப்பும் அந்த முற்றத்தில் நிகழ்ந்திருக்கின்றன. அந்த மக்கள் போக்குவரத்து நின்றுபோன கோட்டை, எவ்வளவு அழகாகப் புதுப்பிக்கப்பட்டாலும், நகரிலிருந்து ஒருபடி விலகியே நிற்கும். ஆகவே அதனுள் மறுபடியும் ஊர்மக்கள் ஒரு காரணத்தோடு நுழைந்து வெளியேறும் நிலையை உண்டாக்குவதே முதற்பணியாக இருக்க வேண்டும்.

எமது நாட்டின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கட்டடங்களையும் பொருட்களையும் காப்பதற்கென எழுதப்பட்டது. அது தன் கடமையைச் செய்கிறது. பாடலையும் ஆட்டத்தையும் சடங்கையும் கைவினையையும் காப்பதற்கான உலகளாவிய ஏற்பாடு மிகப் பிந்தியே வந்தது. யுனெஸ்கோ 2003இல் அதற்கெனத் தனியான உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது; இலங்கை 2008இல் அதில் இணைந்தது. எது மரபுரிமை என்பதை, அதை வாழ்ந்து கொண்டிருக்கும் சமூகமே அடையாளம் காண வேண்டும் என்றும், அதைப் பதிவுசெய்வதிலும் பேணுவதிலும் அச்சமூகத்தின் பங்களிப்பை இயன்றவரை உறுதிப்படுத்த வேண்டும் என்றும் அந்த உடன்படிக்கை கூறுகிறது. 2011இல் அதே நிறுவனம் வரலாற்று நகரங்கள் பற்றி வெளியிட்ட பரிந்துரையும், பழைய நகரமொன்றைக் கட்டடங்களின் தொகுதியாக மட்டும் பார்க்காது, அதன் நில அமைப்பு, நீர்நிலை, தொழில், வழக்காறு, குடியிருப்போரின் வாழ்வு ஆகிய யாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. வாவியை நடுவில் வைத்து எழுவான்கரை, படுவான்கரை என இருபுறமும் விரிந்து கிடக்கும் எமது நகருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறு இல்லை.

கூத்தை எடுத்துக்கொள்கிறேன், என் தகப்பனார் பிற்பாட்டுப் பாடியவர் என்பதால் அதன் உள்நிலை எனக்கு ஓரளவு தெரியும். வெளியூரார் பலர் மட்டக்களப்புக் கூத்து என்றவுடன் ஓர் இரவு நடக்கும் ஆட்டத்தை நினைக்கிறார்கள். அந்த இரவு ஒரு நீண்ட வேலையின் கடைசி இரவு. அறுவடை முடிந்து சனம் சற்று மூச்சு விடும் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்தக் கூத்தை ஆடுவது, கூத்தைப் பழக்கும் ஆசானாக எந்த அண்ணாவியாரை அழைப்பது என்று பேசி முடிவெடுப்பார்கள். பிறகு சட்டம் கொடுக்கும் நாளில், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் கையளிக்கும் நாளில், ஆளின் தோற்றம், குரல், உடல்வலு, சில வேளைகளில் அவனது குணத்தையும் பார்த்து, இவனுக்கு வீமன், இவனுக்குக் கட்டியகாரன் என்று அண்ணாவியார் வேடங்களைப் பங்கிடுவார். அதன்பின் மாதக்கணக்கில் இரவுதோறும் ஆடுகளமான களரியில் பழக்கம் நடக்கும். தாளக்கட்டு காலில் ஏறும்வரை அண்ணாவியார் மத்தளத்தை விட்டு எழமாட்டார். சதங்கை அணியும் நாள் ஊருக்கே ஒரு விழா. தாய்மாமனும் மச்சானும் சூழ நின்று பார்ப்பார்கள். அரங்கேற்றம் மண்ணால் உயர்த்தப்பட்ட வட்டக்களரியில் விடியும்வரை நடந்து, அதற்குப் பின்னரும் வீட்டுக்கு வீடு ஆடித்தான் அந்த ஆண்டின் கூத்து நிறைவெய்தும். கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியின் பாரமான கரப்புடுப்பையும் முடியையும் சுமந்துகொண்டு ஓர் இளைஞன் விடியற்காலையில் யுத்தக் கட்டத்தை ஆடும்போது, அவனைச் சுற்றிலும் இருப்பவர்கள் அவனுடைய பாட்டின் அடுத்த அடியை முன்கூட்டியே அறிந்தவர்கள்.

இப்படிப்பட்ட ஒன்றிலிருந்து ஆட்டத்தை மாத்திரம் பிரித்தெடுத்து, வரவேற்பு வைபவத்தில் பிரமுகர்களுக்கு முன்னால் பத்து நிமிடம் ஆடச் சொல்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒரு நிகழ்வில், ஏற்பாட்டாளர்கள் சுருக்கச் சொன்ன அளவுக்குச் சுருக்கியும் போதாமல், முதன்மை விருந்தினர் புறப்படும் நேரமாகிவிட்டதென்று ஆட்டத்தின் நடுவிலேயே மத்தளத்தை நிறுத்தச் சொன்னார்கள். உடுப்புக் கட்டுவதற்கே அந்தப் பிள்ளைகள் மாலை முழுவதையும் செலவழித்திருந்தார்கள். அண்ணாவியார் ஒன்றும் பேசாமல் மத்தளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியேறினார். அவருக்குப் பொன்னாடை போர்த்த மறக்கவில்லை. அவருடைய கலைக்குத் தேவையான நேரத்தைக் கொடுக்கத்தான் எவரும் நினைக்கவில்லை.

கூத்தை மேடைக்கேற்பச் சுருக்குவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்தபோது, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்றோரை அழைத்து மாணவர்களுக்குப் பழக்கினார். அதனால் படித்தவர்கள் மத்தியில் கூத்துக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. பின்னர் 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் ஊர்மக்களும் பேராசிரியர் சி. ஜெயசங்கர் உள்ளிட்ட பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி வேறொரு பாதையைக் காட்டியது. கூத்தை ஊரிலிருந்து வெளியே எடுக்காமல், களரியிலேயே வைத்து, கதையில் பெண்ணையும் சாதியையும் இழிவுபடுத்தும் இடங்கள் எவை, அவற்றை எப்படி மாற்றுவது என்று ஆடுவோரும் பார்ப்போரும் அண்ணாவியாரும் கூடி ஆராய்ந்து முடிவு செய்தார்கள். மாறாமல் இருப்பதே மரபு என்ற எண்ணம் எமக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பதைச் சீலாமுனை எனக்குத் தெளிவாக்கியது.

வைகாசி மாதத்தில் நடக்கும் கண்ணகி அம்மன் சடங்கும் இவ்வாறே பல கைகள் தாங்கி நிற்கும் ஒன்றாகும். ஆண்டுக்கொருமுறை கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி கதையான வழக்குரையைப் பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு நிறைவுறும் அந்தச் சில நாட்களுக்காக எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரையிலும் ஊர்கள் முழுவதும் நோன்பிருக்கின்றன. சடங்கை நடத்தும் பூசகரான கட்டாடியார் உடுக்கைத் தட்டிப் பாடும்போது, இடையிடையே அவர் குரல் தாழ்ந்து எழுவதை அருகில் அமர்ந்து கேட்டவர்களுக்கு அதன் உருக்கம் தெரியும். இன்று பல கோயில்களில் ஒலிபெருக்கியின் இரைச்சலில் அந்தக் குரல் மறைந்துவிடுகிறது. ஓலையும் களிமண்ணும் இருந்த இடத்தில் சீமெந்துக் கோபுரம் எழுந்து, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருப்பணியே பழைய வழிபாட்டு முறையை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. இதனை எந்த அரசாங்கமும் எம்மீது திணிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் எம் பிள்ளைகளும், அதை வாங்கிச் செலவு செய்யும் கோயில் நிருவாகங்களும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் இது.

கண்ணகி சடங்கோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டு இப்போது அரிதாகிவிட்டது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, கோவலன் கட்சியாகவும் கண்ணகி கட்சியாகவும் நின்று, கொக்கிபோல் வளைந்த இரு கொம்புகளைக் கோத்து, ஒன்று முறியும்வரை கயிறு கொண்டு இழுப்பார்கள். மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் அம்மனைக் குளிர்விக்க இதைச் செய்வது வழக்கம். அம்பாறை மாவட்டத்தின் பாணமையில் பத்தினித் தெய்வத்தின் பெயரால் நடக்கும் அங்கெலிய இதன் உடன்பிறப்பே. தமிழரும் சிங்களவரும் ஒரே தெய்வத்தின் முன்னால் ஒரே விளையாட்டை ஆடியிருக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்ல இரண்டு மாவட்டங்களின் கலாசாரப் பிரிவுகளும் ஒருங்கே அமர்ந்து திட்டமிட்டால், நல்லிணக்கம் பற்றிய எத்தனையோ கருத்தரங்குகளை விட அது ஆழமாகப் பதியும்.

இவற்றையெல்லாம் இத்தனை காலமும் தாங்கி நின்றது எது என்று பார்த்தால், எமது தாய்வழிக் குடிமுறையும் அதனோடு இணைந்த கோயிற் கடமைகளும் என்றே சொல்ல வேண்டும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்திலும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்திலும் மண்டூர் முருகன் ஆலயத்திலும் குடிகளுக்கு உரிமையும் பொறுப்பும் வகுக்கப்பட்டிருந்தன. கோயில் நிருவாகியான வண்ணக்கர் பொறுப்பு ஏற்றார். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் யாருக்கு உரியது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. எண்ணெய் யார் கொண்டுவருவது, கயிறு யார் திரிப்பது, பந்தல் யார் போடுவது என்று எழுதி ஒட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதே போன்ற ஏற்பாட்டை நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் வாழும் நேவார் மக்கள் குதி என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கும் திருவிழாவுக்கும் சத்திரத்துக்கும் ஈமக்கடனுக்கும் எனக் குழுக்கள் பிரிந்து, தமக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் வருமானத்தில் அவை தம் கடமையைச் செய்து வந்தன. 1964இல் அரசு அந்நிலங்களை ஒரு கூட்டுத்தாபனத்தின் கீழ்க் கொண்டுவந்ததன் பின்னர் வருமானம் சுருங்கி, பல குதிகள் நலிந்தன. எனினும் எஞ்சியிருந்த குதிகளையும் கட்டுப்படுத்தும் சட்டமூலம் 2019இல் கொண்டுவரப்பட்டபோது, மக்கள் பெருந்திரளாக வீதிக்கு இறங்கினர். அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. 2015 ஏப்பிரல் 25ஆம் திகதி நிலநடுக்கத்தில் இடிந்துபோன பழைய மரமண்டபமான காஷ்டமண்டபத்தை மரபான முறையிலேயே எழுப்ப வேண்டும் என்று நகரத்தாரே முன்நின்று, அவ்வாறே மரத்தினால் மீண்டும் எழுப்பினார்கள். 1979 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கைத் தாங்குவது பட்டியலில் உள்ள பெயரைவிடக் குதிகளில் உள்ள மனிதர்களின் கடமையுணர்வே என்பது என் துணிபு. எமது திட்டமிடுவோர் மட்டக்களப்புக்கு முன்மாதிரி தேடும்போது, கடற்கரை விடுதி நகரங்களைப் பார்ப்பதைவிட இதைப் படித்துப் பார்ப்பது நன்று.

ஆனால் பழைய கடமைமுறையைப் புகழும்போது, அதனுள் இருந்த அநீதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பறைமேளம் இல்லாமல் எமது சடங்குகள் பல நடக்கவில்லை. சடங்குக்கு ஓர் அடி, மரண வீட்டுக்கு வேறோர் அடி என்று நுட்பமான தாள அறிவு அந்தக் குடும்பங்களிடம் இருந்தது. அந்த அறிவைப் பெற்றுக்கொண்ட ஊர், அதை வைத்திருந்தவர்களைத் தள்ளியே நிறுத்தியது. அதனால்தான் அவர்களுடைய பிள்ளைகள் பலர் அந்தத் தோற்கருவியைத் தொடவே விரும்பவில்லை. அந்த மறுப்பு முழுக்க முழுக்க நியாயமானது. மரபுரிமை அழிகிறதே என்று கவலைப்படுவோர், அந்தப் பிள்ளைகளிடம் போய், நீங்கள் விட்டுவிட்டீர்களே என்று குறை சொல்ல எந்த உரிமையும் இல்லாதவர்கள். பறையைப் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் எச்சாதிப் பிள்ளையும் மதிப்போடு கற்கும் கருவியாக வைத்து, அதைக் கற்பிக்கும் முதியவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் ஆசனமும் கொடுத்து, மரண வீட்டில் கூலிக்கு அழைக்கும் வழக்கத்தை நிறுத்தினாலொழிய, பறையைக் காக்கிறோம் என்று சொல்வது அவர்களை மறுபடியும் பழைய இடத்தில் நிறுத்துவதாகவே முடியும். இந்த இடத்தில் நான் சற்றுக் கடுமையாக எழுதுவதாகத் தோன்றலாம். மரபு என்ற சொல்லின் நிழலில் இது பல காலமாக மறைந்திருக்கிறது என்பதால் கடுமை தேவைப்படுகிறது.

மட்டக்களப்பின் மரபு தமிழரின் மரபு மாத்திரமும் அல்ல. பறங்கியர் என்று நாம் அழைக்கும் போர்த்துக்கேய வழிவந்த மக்கள் தச்சிலும் கொல்லுத் தொழிலிலும் இயந்திரம் திருத்துவதிலும் இந்நகருக்கு உழைத்தவர்கள். இன்றும் முதியோர் சிலர் வீட்டில் போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பேசுகிறார்கள். திருமண வீட்டில் வயலின் ஒலிக்க கஃப்ரிஞ்ஞா என்னும் நடனத்தை ஆடுகிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்பேரலை டச்பார் பகுதியில் அவர்களின் குடியிருப்பைச் சிதறடித்தது. தப்பியவர்கள் வேறு வேறு இடங்களில் குடியமர்ந்தபோது, ஒருவரோடொருவர் அந்த மொழியைப் பேசும் வாய்ப்பும் குறைந்தது. ஒரு மொழி நிலைப்பதற்கு அகராதியைவிட அயல்வீடு அவசியம். மீள்குடியேற்றம் திட்டமிடப்படும் வேளையில் வீட்டின் சதுர அடியைப் பார்த்த அதிகாரிகள் அயலைப் பற்றிக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறியில் அமரும் முஸ்லிம் நெசவாளரின் நிலையும் இதுவே: நூல் விலை ஏறுகிறது, விசைத்தறித் துணி குறைந்த விலைக்கு வருகிறது, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பக்கங்களில் முஸ்லிம்கள் ஆடும் கோலாட்ட வகையான பொல்லடியையும், பெண்கள் பாடிவந்த கவிகளையும் தனியொரு கடிதத்தில் எழுத வேண்டும்.

வாவியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லடிப் பாலத்தருகே பாடும் மீன்களின் ஒலி கேட்பதைப் பற்றி மாநகரசபையின் வரவேற்புப் பலகை முதல் பாடசாலைச் சின்னங்கள் வரை எங்கும் காண்கிறோம். 1848இல் அக்காலக் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனென்ட் நிலவு வேளையில் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டபோது, அவரை அந்த இடத்துக்கு அழைத்துச் சென்றவர்கள் எம் மீனவர்கள். தண்டை நீரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் முறையும் அவர்கள் அறிந்ததே. அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1924இல் கட்டப்பட்ட பழைய பாலத்துக்கு அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையதை இடிக்காமல் விட்டது பாராட்டத்தக்கது. ஆயினும் பாலத்தைக் காத்துவிட்டு, அதன் கீழே வலை வீசுபவருக்குத் தோணி கட்டவும் வலை காயவைக்கவும் இருந்த கரையை நடைபாதையாகவும் உணவகமாகவும் மாற்றிவிட்டால், மீன் பாடிய கதையை அடுத்த தலைமுறைக்கு யார் சொல்வார்கள்? கழிவுநீரும் பொலித்தீனும் வாவிக்குள் விழுவதும், கரையோரக் கண்டல் வெட்டப்படுவதும் சுற்றாடல் பிரச்சினையாக மட்டும் பேசப்படுகின்றன. அவை பண்பாட்டுப் பிரச்சினையும்தான்.

பழைய நகரங்கள் அழகாக்கப்பட்டபின் அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற காலிக் கோட்டைக்குள் பரம்பரையாக வாழ்ந்த குடும்பங்கள் பல, வீட்டின் விலை உயர உயர விற்றுவிட்டு வெளியேறின. அந்த வீடுகள் இன்று விடுதிகளாகவும் கடைகளாகவும் இருக்கின்றன. மலேசியாவின் பினாங்கில் ஜோர்ஜ் டவுன் 2008இல் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பே, வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நீக்கப்பட்டதால், மூன்று நான்கு தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த சிறு வணிகரும் கைவினைஞரும் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். வெனிசின் பழைய நகரத்தில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000 பேர் கூட இல்லை. புளியந்தீவு சிறிய தீவு. அங்கே பொற்கொல்லரின் பட்டறையும் தையற்கடையும் பழைய புத்தகக் கடையும் தேவாலயத்தை ஒட்டிய வீடுகளும் ஒன்றையொன்று அண்டியிருக்கின்றன. கோட்டை அழகான மறுநாளே காணி விலை ஏறும். அதற்கு முன்னதாகவே மாநகரசபையும் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் அத்தீவில் எத்தனை வீடு விடுதியாகலாம், எந்தத் தெருவில் பழைய தொழிலுக்கு வரிச்சலுகை, வாடகையாளரை வெளியேற்றுவதற்கு என்ன வரையறை என்பவற்றை விதியாக்கிவிட வேண்டும். விலை ஏறியபின் போடும் விதியை எவரும் மதிப்பதில்லை.

இனி, கோட்டைக்குள் செய்யத்தக்கது பற்றி என் விண்ணப்பம். முழுக் கோட்டையையும் காட்சிக்கூடமாக்காமல், உட்கட்டடங்களில் ஒரு பகுதியைப் பழக்கும் இடமாக விட வேண்டும். அண்ணாவிமாரும் கட்டாடிமாரும் நெசவாளரும் வயலின் வாசிப்போரும் முறை வைத்துத் தம் மாணவர்களைப் பழக்குவதற்கு அங்கே நிரந்தரமான இடமும், கற்பிக்கும் காலத்துக்கு மாதக் கொடுப்பனவும் இருக்க வேண்டும். கூத்தின் களரி ஊரில்தான் இருக்க வேண்டும்; கோட்டைக்குள் இருப்பது அதற்குத் துணையாக, மத்தளம் கட்டவும் முடி செய்யவும் கற்கும் பட்டறையாக அமையலாம். உடுப்பும் முடியும் செய்பவர்கள் குறைந்ததால், ஆட ஆளிருந்தும் ஒத்திவைக்கப்படும் கூத்துகள் உண்டு என்பதை நான் நேரில் அறிவேன். பார்வையாளர் வந்து பார்க்க விரும்பினால், அந்த வேலையை வேலையாகவே பார்க்கட்டும். எந்த நாளில் ஆட்டம், எவ்வளவு நேரம், என்ன கட்டணம் என்பவற்றை ஆடுவோரே தீர்மானிக்க வேண்டும். அந்தப் பணமும் அவர்களின் ஊர்ச் சங்கத்துக்கு நேரடியாகச் சேர வேண்டும்.

இதனோடு, ஏட்டுப் பிரதிகளையும் கூத்துக் கொப்பிகளையும் வைக்க ஒரு நல்ல காப்பகம் அவசரமாகத் தேவை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியிலும், பின்னர் யுத்த காலத்து இடப்பெயர்வுகளிலும், 2004 கடற்பேரலையிலும் வீடுகளோடு பெட்டகங்களில் இருந்த ஏடுகளும் கொப்பிகளும் எத்தனையோ போயின. எஞ்சியவற்றை உரிமையாளரிடமிருந்து பறித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதைவிட, அவர்கள் வீட்டிலேயே படம் பிடித்து, மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து, பிரதியைக் காப்பகத்தில் வைப்பதே தகும். எல்லாவற்றையும் எவருக்கும் காட்டலாம் என்பதும் சரியன்று. சில மந்திரங்களும் சடங்குப் பாடல்களும் நோன்பிருந்தவர் மட்டுமே பாடுபவை. அவற்றைக் கேட்கும் அனுமதி கட்டாடியாரிடம் இருக்கட்டும். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. இந்தப் பணியை ஏற்கும் அறிவும் ஆளணியும் அதனிடம் உள்ளன. பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் களரியில் அமர்ந்து கழிக்கும் இரவுகளைப் பிரத்தியேக வகுப்பு விழுங்காதபடி, ஊர்க் கூத்தில் பங்கேற்பதையே செயல்முறைப் பரீட்சையின் ஒரு பகுதியாகக் கல்வித் திணைக்களம் ஏற்கலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். இத்திட்டம் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடத்தப்படும் என்றே எதிர்பார்க்கிறேன். அத்தகைய கூட்டங்கள் வழமையாக வேலைநாளின் முற்பகலில், குளிரூட்டிய மண்டபத்தில், ஆங்கிலத்தில் அச்சிட்ட வரைபடங்களோடு நடக்கின்றன. வலை இழுப்பவரும் வயலில் நிற்பவரும் தறியில் இருப்பவரும் அங்கே வர முடிவதில்லை. ஆகவே மாவட்டச் செயலகமும் மாநகரசபையும் தொல்பொருள் திணைக்களமும் அந்தக் கூட்டங்களைச் சீலாமுனையிலும் கொக்கட்டிச்சோலையிலும் காத்தான்குடியிலும் டச்பார் மக்கள் இப்போது வாழும் இடங்களிலும் மாலை ஆறு மணிக்குப் பின்னர் தமிழில் நடத்த வேண்டும் என்றும், வரைபடத்தைப் பதினைந்து நாட்களுக்கு முன்னதாகத் தமிழில் பிரதேச செயலகங்களிலும் பொது நூலகங்களிலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், கூட்டத்தில் சொல்லப்பட்டவற்றில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.